ரயில் ஏறிய மலையில் சைக்கிள்

சென்ற இதழில் நானும் மகனும் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலேண்ட் மாநிலத்துக் கம்பர்லேண்டுக்கு ஐந்து நாள் சைக்கிளில் போன கதையை எழுதியிருந்தேன். ‘கிரேட் அலெகேனி பேசேஜ்’ என்கிற அந்தப் பாதையின் நீளம் 150 மைல். கார், லாரி எதற்கும் அனுமதி இல்லை. பெரும்பகுதி கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல், ஆற்றை ஒட்டியே போகிறது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், பாதி வாசகர்கள் சைக்கிளை ஏற்கெனவே துடைத்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புதியவர்களுக்கு ஒரு அறிமுகம்: நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பதில்களில் ரயில் கொஞ்சம் அதிகமாகவே ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், டெக்சஸ்: வரைபடத்தில் பார்த்தால் பாதை அலெகேனி மலைத்தொடரைக் குறுக்கே கடக்கிறது. எனக்கு 58 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேம்பாலத்தில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. என்னால் முடியுமா?

முடியும். அந்த மேம்பாலம் காருக்காகக் கட்டியது. இந்தப் பாதை ரயிலுக்காகப் போட்டது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ரயில் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. உராய்வு குறைவு என்பதால்தான் ஒரே எஞ்சின் அவ்வளவு பெரிய சுமையை இழுக்கிறது. அதே காரணத்தால் அதற்கு ஏற்றம் ஆகாது, சக்கரம் வழுக்கிவிடும். அதனால் ரயில் பாதை போடுகிறவன் மலையைக் கண்டால் நேராக ஏற மாட்டான். ஆறு எங்கே மலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று தேடுவான். ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் வந்தால் மண் கொட்டி, மேடு வந்தால் வெட்டி, அதுவும் முடியாவிட்டால் குகை குடைந்து, சரிவைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே போவான். 1912இல் வெஸ்டர்ன் மேரிலேண்ட் ரயில்வே இந்த மலையில் அதைத்தான் செய்தது.

கணக்கைப் பாருங்கள். பாதையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 2,392 அடி. பிட்ஸ்பர்க்கிலிருந்து அங்கே போய்ச் சேர 126 மைல் இருக்கிறது, மொத்த ஏற்றம் சுமார் 1,670 அடி. சராசரியாக ஒரு மைலுக்கு 13 அடி! இதை ஏற்றம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறுபக்கம் கம்பர்லேண்டிலிருந்து வந்தால் 24 மைலுக்குள் சுமார் 1,780 அடி ஏற வேண்டும். அங்கே மிகச் செங்குத்தான இடத்தில்கூட 57 அடி முன்னே போனால் ஒரு அடிதான் மேலே போகிறோம். நம் நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் இடத்தில் இது 12 அடிக்கு ஒரு அடி. உங்கள் மேம்பாலமும் அநேகமாக 20 அடிக்கு ஒரு அடி இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். சமதரைபோலவே இருக்கும், வண்டி மட்டும் போகாது. நான் இரண்டு முறை இறங்கி, பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்தேன். உரசவில்லை. கியரைக் குறைத்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போக மனதைப் பழக்க வேண்டும். இளைஞர்களுக்கு அதுதான் கஷ்டம், நமக்கு இல்லை.

வாசகி, நியூ ஜெர்சி: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது நல்லது?

பிட்ஸ்பர்க்கிலிருந்து. நூறு மைலுக்கு மேல் மெதுவாக ஏறி உடம்பு பழகிவிடும், கடைசி 24 மைல் பரிசு மாதிரி இறக்கம். உச்சியைத் தாண்டியதும் பிக் சாவேஜ் குகை வருகிறது. நீளம் 3,294 அடி, அதாவது ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் குளிரும், மேலே ஒரு சட்டை எடுத்து வையுங்கள். குகையின் கிழக்கு வாயில் வெளியே வந்ததும் மேரிலேண்டின் மலை வரிசைகள் ஒன்றன் பின் ஒன்றாக விரிகின்றன. அங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டோம். மகன் அடிக்கடி மணியைப் பார்ப்பவன், அவனே பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் அந்தக் குகையின் கதவை மூடிவிடுவார்கள், உள்ளே பனி உறைந்து சுவர் கெடாமல் இருக்க. டிசம்பர் முதல் ஏப்ரல் முன்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் பழுது பார்க்கவும் மூடுவது உண்டு. தேதி குறிக்கும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மலை ரோடு வழியாகச் சுற்றிப் போவது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு வேண்டாத வேலை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முன்பகுதி எனக்குப் பிடித்த நேரம்.

வாசகர், சென்னை: “கார் வராது, அமைதி” என்று எழுதினீர்கள். முழு 150 மைலும் அப்படியேவா? கொஞ்சம் மிகைப்படுத்தவில்லையே?

கார் விஷயத்தில் மிகைப்படுத்தவில்லை. ஊர்களுக்குள் சில இடங்களில் தெருவை ஒட்டிப் போக வேண்டும், குறுக்கே ரோடு வரும் இடங்களில் நின்று பார்த்துத் தாண்ட வேண்டும். மற்றபடி காட்டுக்குள் மணிக்கணக்கில் உங்கள் டயர் சுண்ணாம்புப் பொடிக்கல்லை நெரிக்கும் சத்தம் மட்டும்தான்.

அமைதி விஷயத்தில் நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ஆற்றின் இந்தக் கரையில் நம் பாதை, பல மைல்களுக்கு எதிர்க்கரையில் இன்னொரு ரயில் பாதை, அது உயிரோடு இருக்கிறது. பழைய பால்டிமோர் அண்ட் ஒஹையோ கம்பெனியின் தடம் அது. இப்போது கூட்ஸ் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஒரே பள்ளத்தாக்கில் எதிரும் புதிருமாகப் போட்டியிட்ட இரண்டு கம்பெனிகளும் 1970களில் ஒரே குடும்பத்துக்குள் வந்தன. ஒரு ஊருக்குப் போக இரண்டு தடம் எதற்கு என்று 1975இல் ஒன்றைக் கைவிட்டார்கள். சரிவு குறைவான, நேர்த்தியாகப் போட்ட புதிய தடத்தைத்தான் கைவிட்டார்கள் என்பது ஒரு ரயில்வேக்காரனுக்கு வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சலில்தான் நாமெல்லாம் சைக்கிள் ஓட்டுகிறோம். 1986இல் ஒஹையோபைல் என்ற ஊரை ஒட்டி ஒன்பது மைல் மட்டும் திறந்தார்கள். துண்டு துண்டாகச் சேர்த்துப் பிட்ஸ்பர்க் வரை முழுதாக முடித்தபோது 2013 ஆகிவிட்டது.

வாசகி, கோயம்புத்தூர்: அந்த ஆற்றின் பெயரை நீங்கள் எழுதவே இல்லையே?

பயந்துபோய்த்தான் எழுதவில்லை. ஆங்கிலத்தில் அதன் எழுத்துகளைப் பார்த்து யாராலும் சரியாகப் படிக்க முடியாது. ‘யாக்-அ-கேனி’ என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதையும் பாதியில் வெட்டி ‘யாக்’ என்று விட்டுவிட்டார்கள். அப்பாடா. பிட்ஸ்பர்க் பக்கம் மொனாங்கஹேலா, அப்புறம் யாக், கன்ஃப்ளூயன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பிறகு கேசல்மன் என்று ஆறுகள் மாறிக்கொண்டே வரும். அந்த ஊரின் பெயருக்கே கூடல் என்றுதான் அர்த்தம். மூன்று நீரோட்டங்கள் கூடுகிற இடம்.

1754இல் ஜார்ஜ் வாஷிங்டன், அப்போது இருபத்திரண்டு வயது ராணுவ அதிகாரி, யாக் வழியாகப் படகில் மேற்கே போக முடியுமா என்று பார்த்துக்கொண்டு வந்தார். ஒஹையோபைலில் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதே அருவிக்குக் கீழே இப்போது ரப்பர் படகில் போகக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள்.

வாசகர், மிச்சிகன்: மரம், ஆறு, மரம், ஆறு. இரண்டாம் நாளே அலுத்துவிடாதா? பார்க்க என்ன இருக்கிறது?

அலுக்கும். மறைக்க மாட்டேன், மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கும் அலுத்தது. ஆனால் அடுத்த நாளே மேயர்ஸ்டேல் பக்கத்தில் சாலிஸ்பரி பாலம் வந்தது. கேசல்மன் பள்ளத்தாக்கின் குறுக்கே 1,908 அடி நீளம், 101 அடி உயரம். கீழே ஆறு, அதே ரயில் பாதை, ரோடு, வயல் எல்லாம் பொம்மை மாதிரி. மலை முகட்டில் காற்றாலைகள். நான் வேலையில் இருந்தபோது பாலங்களை டிராலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. எதையும் குறித்துக்கொள்ள வேண்டாத ஒரு பாலத்தின் மேல் போனது அன்றுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெஸ்ட் நியூட்டனுக்குத் தெற்கே வான் மீட்டர் என்று ஒரு இடம். இப்போது சாதாரண மரங்கள்தான். 1907 டிசம்பர் 19 அன்று அங்கே டார் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தார்கள். பலர் ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று அவர்களில் சிலருடைய பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். கோயிலுக்குப் போனதால் வேலைக்கு வராதவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் நிலக்கரியும், அதைச் சுட்டு ‘கோக்’ என்கிற கரி எடுக்கும் சூளையும்தான். இன்றும் சில இடங்களில் பழைய சுரங்கத்திலிருந்து துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் ஒழுகி வருகிறது. அதைப் புகைப்படம் எடுங்கள், தொட வேண்டாம்.

கட்டடக்கலைப் பிரியர்கள் ஒஹையோபைலிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கும் ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டைப் பார்க்கலாம். ஃப்ராங்க் லாயிட் ரைட் 1935இல் ஓடையின் அருவிக்கு மேலேயே வடிவமைத்த வீடு. ஆனால் அங்கே போகும் ரோடு ரயிலுக்காகப் போட்டது அல்ல. செங்குத்து, காரும் வரும். நாங்கள் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு வண்டி பிடித்துப் போனோம்.

வாசகி, வர்ஜீனியா: எனக்கு இரண்டு முழங்காலும் தகராறு. கணவர் போயே தீருவேன் என்கிறார். நான் வீட்டில் இருக்க வேண்டியதுதானா?

என் மனைவி கேட்ட அதே கேள்வி. கம்பர்லேண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் என்ற மலை ஊருக்குச் சுற்றுலா ரயில் ஓடுகிறது, பழைய வெஸ்டர்ன் மேரிலேண்ட் தடத்திலேயே. அதில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஓடும் நாட்களைத் தெரிந்துகொண்டு சீட்டு எடுத்துவிடுங்கள். மேலே போய் இறங்கி, 16 மைல் இறக்கத்தில் சைக்கிளில் திரும்பி வர வேண்டியதுதான். என் மனைவி பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்ததே தவிர, கால் வலித்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பகுதியில் பிரஷ் குகை என்று 914 அடியில் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சைக்கிள், பக்கத்திலேயே ரயில், இரண்டுக்கும் ஒரே குகை! ரயில் உள்ளே வரும் நேரத்தில் நீங்கள் வெளியே நில்லுங்கள். இது ஓய்வு பெற்ற அதிகாரியின் உத்தரவு.

வாசகர், மதுரை: கம்பர்லேண்டோடு நிறுத்திவிட்டீர்களே. அங்கிருந்து வாஷிங்டன் நகரம் வரை ஒரு கால்வாய்க் கரைப் பாதை உண்டு என்று என் மகள் சொல்கிறாள். போனீர்களா?

அடுத்த வருடம் மச்சினனோடு போனேன், ஏழு நாள். போட்டோமக் ஆற்றை ஒட்டி 184.5 மைல். பெயர் ‘செசபீக் அண்ட் ஒஹையோ’ கால்வாய். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று எனக்கே தெரிகிறது.

1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியால் கால்வாய் வேலையைத் தொடங்கி வைத்தார். அதே நாள் பால்டிமோரில் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டுமே மலையைத் தாண்டி ஒஹையோ ஆற்றைத் தொடுவதற்காக. ரயில் கம்பர்லேண்டுக்கு 1842இல் வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850இல். அப்புறம் எங்கே மலையைத் தாண்டுவது? அங்கேயே நின்றுவிட்டது. ஆனாலும் 1924இல் வெள்ளம் வந்து உடைக்கும் வரை படகுகள் நிலக்கரி சுமந்தன. படகை இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடந்த கரைதான் இப்போது நம் பாதை.

கால்வாய்த் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும், ஆகவே கரையும் சமம். 605 அடி உயர வித்தியாசத்தை 74 மதகுப் பூட்டுகளில் (இரு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகும் தொட்டிகள்) பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூட்டிலும் எட்டடி அளவுக்குச் சின்னதாக ஒரு இறக்கம், மறுபடி தட்டையான தரை. கம்பர்லேண்டிலிருந்து வந்தால் 74 முறை இறங்குவீர்கள், ஒரு முறையும் கவனிக்க மாட்டீர்கள்.

ஆனால் தரை வேறு. ரயில் தடத்துக்கு அடியில் ஜல்லி இருக்கும், மழைத் தண்ணீர் வடிந்துவிடும். கழுதைக்கு ஜல்லி எதற்கு? பல மைல்களுக்கு வெறும் மண். இரண்டாம் நாள் மழை பெய்தது. ஒரு சேற்றுக் குழியைச் சுற்றிப் போகப் பார்த்து, கால்வாய்ப் பக்கம் வழுக்கி, இடுப்பளவு பாசித் தண்ணீரில் நின்றேன். மச்சினன் முதலில் சைக்கிளைத்தான் தூக்கினான். குழி வந்தால் சுற்றாதீர்கள், நடுவிலேயே விட்டு ஓட்டுங்கள்.

‘பாபா’ (Paw Paw) என்கிற குகையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 3,118 அடி. ஆற்றின் ஆறு மைல் வளைவுகளைத் தவிர்க்க 1836இல் குடைய ஆரம்பித்தார்கள், பணம் தீர்ந்து வேலை நின்று, முடிய 14 வருடம் ஆனது. உள்ளே விளக்கு இல்லை. கழுதை நடந்த நடை ஒடுக்கமானது, பக்கத்தில் தண்ணீர். என் விளக்கு பாதியில் அணைந்தது, மச்சினனுடைய முதுகைப் பிடித்துக்கொண்டு மீதி தூரம் நடந்தேன். அந்தப் பெயர் நம் பப்பாளி இல்லை. காட்டில் விளையும் ஒரு பழம், சீத்தாப்பழக் குடும்பம். செப்டம்பரில் கீழே உதிர்ந்து கிடந்ததை எடுத்துத் தின்றோம், வாழைப்பழமும் சீத்தாப்பழமும் கலந்த ருசி.

இந்தக் கரையைக் கார் சாலை ஆக்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல், சாலையை ஆதரித்த பத்திரிகையாசிரியர்களை “என்னோடு நடந்து பாருங்கள்” என்று கூப்பிட்டு, கம்பர்லேண்டிலிருந்து நடந்தார். கடைசிவரை அவரோடு நடந்தவர்கள் சிலரே. ஆனால் திட்டம் செத்தது. 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

வாசகர், கலிஃபோர்னியா: என்ன சைக்கிள், என்ன டயர்?

மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். அலெகேனி பாதைக்கு 35 மில்லிமீட்டர் போதும், கால்வாய்க் கரைக்கு 40க்கு மேல் போங்கள், மட்கார்டு கட்டாயம். பெல் வேண்டும், விளக்கு வேண்டும், மாற்று ட்யூப் இரண்டு. சுண்ணாம்புப் பொடி மழையில் பசையாகிச் செயினில் ஒட்டும், சாயங்காலம் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். வாடகைக்கு எடுத்தால் கேரியர் திருகுகளை நீங்களே ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். ஒரு கடையில் எனக்குத் தந்த வண்டியில் இருபதாவது மைலில் கேரியர் பையோடு கழன்று சக்கரத்தில் விழுந்தது. தண்டவாளத்தில் நட்டு நட்டாகத் தட்டிப் பார்த்தவன், சைக்கிளில் பார்க்காமல் விட்டேன்.

சீட் விஷயம்: மெத்தென்ற சீட் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சொர்க்கம், அப்புறம் நரகம். கெட்டியானதே நல்லது, பழகிக்கொண்டு போங்கள்.

வாசகி, திருச்சி: சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது, ஆனால் வகை எதிர்பார்க்காதீர்கள். பீட்சா, உருளைக்கிழங்கு, முட்டை இல்லாமல் கேட்டால் ஆச்சரியமாகப் பார்க்கும் காலை உணவு. ஊர்களுக்கு இடையே பத்து, பதினைந்து மைல் கடையே இல்லாமல் வரும், தண்ணீரும் அப்படித்தான். அவல் கொண்டுபோங்கள்.

வாசகர், ஈரோடு: இரவு எதிர்க்கரையில் கூட்ஸ் வண்டி ஓடினால் தூக்கம் வருமா?

கன்ஃப்ளூயன்ஸில் கூடாரத்தில் படுத்திருந்தோம். இரவு ஒரு மணிக்கு ஊதிக்கொண்டு வந்தது. மகன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். நான் பழக்கதோஷத்தில் தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் சத்தத்தை வைத்துப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். அறுபத்து நாலு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது.